வெள்ளை விளிம்பு நந்தியாவட்டை

அக்கா அந்தச் செடியை மடியில் வைத்துக்கொண்டு என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்தாள். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் செம்மண்ணோடு ஒரு முழ உயரம் இருந்த நந்தியாவட்டை. ஆனேக்கல் ரோட்டில் வேகத்தடைக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றிலும் "மெதுவாடி, செடி ஆடுது" என்று என் முதுகில் குத்தினாள். அவள் ஆடினாலும் பரவாயில்லை, செடி ஆடக் கூடாது. சாதாரண நந்தியாவட்டை அல்ல அது. இலையின் நடுவில்தான் பச்சை, அதுவும் சாம்பல் கலந்த பச்சை. விளிம்பெல்லாம் பாலாடை நிறத்தில் வெள்ளை. ஓர் இலையைப் போல இன்னோர் இலை இருக்காது. ஒன்றில் வெள்ளை பாதி வரை ஏறியிருக்கும், இன்னொன்றில் நூல் ஓட்டியது போல ஓரத்தில் மட்டும் தெரியும். வருடம் முழுக்க இலை கொட்டாது, பூ இல்லாத நாளிலும் பூத்த மாதிரியே இருக்கும் என்று நர்சரிக்காரர் சொன்னதும் அக்கா வாங்கிவிட்டாள். கொத்தமல்லிக் கட்டைக்கூடப் பத்து முறை புரட்டிப் பார்த்து வாங்குகிறவள் அன்று எதையும் புரட்டிப் பார்க்கவில்லை.

நர்சரிக்காரர் கன்னடத்தில் ஒரே ஓர் எச்சரிக்கை சொன்னார். "ஹசிரு பந்த்ரே கித்து பிடி அம்மா." பச்சை வந்தால் பிடுங்கிவிடுங்கள். இந்த வகைச் செடிக்குள் சாதாரணப் பச்சைச் செடி ஒன்று ஒளிந்திருக்கிறதாம். எப்போதாவது அடியிலிருந்து முழுப் பச்சையாக ஒரு கிளை கிளம்பும். அதற்குப் பலம் அதிகம். பாவம் பார்த்து விட்டால் அது வளர்ந்து வெள்ளைக் கிளைகளை அமுக்கிவிடும், கடைசியில் செடி முழுக்கப் பச்சையாகிவிடும், போன வெள்ளை போனதுதான். அக்கா இதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். பக்கத்தில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நானும் கேட்டேன். கேட்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிற்பாடு பல நாள் நினைத்திருக்கிறேன்.

வீடு பொம்மசந்திராவுக்கு உள்ளே, இருபதுக்கு முப்பது அடி மனையில் கட்டியது. கேட்டுக்கும் படிக்கும் நடுவில் இரண்டடி அகலத்தில் சிமென்ட் போடாத மண் கொஞ்சம் உண்டு. அதைத்தான் நாங்கள் தோட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். முதல் ஷிஃப்ட் முடித்து வந்திருந்த மாமா படியில் உட்கார்ந்து செடியை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா இது, சோகை புடிச்ச செடியாட்டம் இருக்குது? விக்காம கெடந்ததை உன் தலையில கட்டிட்டானா?" என்றார். அக்கா நின்றுகூடப் பதில் சொல்லவில்லை. "உங்க கண்ணுக்கு நல்லது எதுதான் தெரிஞ்சுது? அதைத் தொடாதீங்க, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுக் கடப்பாறை தேடப் போனாள். அக்காவுக்குத் திட்டத் தெரியும், விளக்கத் தெரியாது. வெள்ளை அந்தச் செடியின் இயல்பு, நோய் இல்லை என்று அன்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, எனக்கு அப்போது பசி.

அக்கா ஒரு கார்மென்ட்ஸில் செக்கிங்கில் இருந்தாள். தைத்து முடித்த சட்டை அவள் மேசைக்கு வரும். காலர், தோள், கைமடிப்பு, பட்டன், பக்கத் தையல் என்று கண் எப்போதும் ஒரே வரிசையில் ஓடும். குறை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் தையல்காரப் பெண்ணுக்கே திருப்பி அனுப்புவாள். அதற்கு ஆல்டர் என்று பெயர். குறை இல்லாவிட்டால் பாஸ். பாஸ் என்றும் வாயால் சொல்ல மாட்டாள், பீஸை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு அடுத்ததை எடுப்பாள். பதினாறு வருடம் குறை தேடிய கண் வீட்டுக்கு வந்ததும் மூடிக்கொள்ளுமா? ஸ்டிக்கர் சுருளின் மிச்சம் எப்போதும் அவள் பையில் இருக்கும். நான் பெருக்கிய தரையின் மூலையில் ஓர் அம்பு, மாமா துவைத்த சட்டைக் காலரில் ஓர் அம்பு. ஒருநாள் நான் சுட்ட சப்பாத்தியின் மேலேயே ஒன்றை ஒட்டித் தட்டில் வைத்தாள். பிய்த்து எறிந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம்.

திருப்பத்தூரிலிருந்து கணக்கு டீச்சர் வேலைக்கு வந்த நான் நான்கு வருடம் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதனால் அக்காவின் திட்டு முழுவதும் எங்கள் இரண்டு பேருக்கே கிடைத்தது. மாமாவுக்குப் பங்கு கூடுதல். அவர் ஒரு ஒர்க்‌ஷாப்பில் லேத் டர்னர். கையில் இரும்பு கிடைத்தால் சும்மா இருக்க மாட்டார். வீட்டுக்குத் தேவையான எல்லாவற்றையும் அவரே செய்து கொண்டுவருவார், செருப்பு ஸ்டாண்டு, தேங்காய்த் துருவி, கேஸ் அடுப்புக்கு அடியில் வைக்கிற இரும்புத் தகடு. கொண்டுவந்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "பாஸா, ஆல்டரா?" அக்கா குனிந்து பார்ப்பாள். "இந்தக் கால் ஒரு நூல் உயரம்." மறுநாள் ஸ்டாண்டு கம்பெனிக்குத் திரும்பிப் போகும். தேய்த்துச் சரிசெய்து கொண்டுவந்த பிறகும் அவள் எதுவும் சொல்ல மாட்டாள். காலால் தள்ளி அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். "உங்க அக்கா வாயில நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை, நான் கண்ணை மூடுறதுக்குள்ள வருமாம்மா?" என்று மாமா என்னிடம் கேட்பார். "ஆசையைப் பாரு" என்று உள்ளிருந்து அக்காவின் குரல் வரும். அவருக்கு அந்தக் குரலும் ஒரு சந்தோஷம்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேள்வியில் கொஞ்சம் உண்மையான ஏக்கம் இருந்தது.

செடி அக்காவுக்கு மட்டும் கட்டுப்பட்டு வளர்ந்தது. காலை வெயில் படுகிற, மதியத்துக்கு மேல் பக்கத்து வீட்டுச் சுவர் நிழல் விழுகிற இடமாகப் பார்த்து நட்டிருந்தாள். மதிய வெயில் பட்டால் வெள்ளை விளிம்பு முதலில் கருகும். தண்ணீர் டேங்கர் வராத நாட்களில் அரிசி கழுவிய தண்ணீர் அதற்குத்தான். மூன்றாவது வருடம் இடுப்பு உயரம் வந்து புதராகப் பரந்தது. கேட்டைத் திறந்தால் யாரோ சுண்ணாம்பு தெளித்த மாதிரி ஒரு வெளிச்சம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தரிக்கோலோடு அதன் முன்னால் உட்காருவாள். அடியில் விரலை விட்டுத் தடவிப் பச்சைத் துளிர் ஏதாவது கிளம்பியிருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தால் அடியோடு நறுக்குவாள். பால் வடியும். "எவ்வளவு கொழுகொழுன்னு இருக்குது, அதைப் போய் வெட்டுறாளே" என்று மாமா ஜன்னல் வழியாக என்னிடம் முணுமுணுப்பார். நல்ல கிளையை வெட்டிவிட்டு நோய்க் கிளையை வளர்க்கும் பெண்டாட்டியை அவருக்குப் புரியவே இல்லை. கேட்டால் திட்டு விழும் என்று கேட்கவும் இல்லை.

அக்காவின் உடம்பு கெட ஆரம்பித்தபோது முதலில் சோகை என்றுதான் சொன்னார்கள். படி ஏறினால் மூச்சு வாங்கியது. செக்கிங்கில் நின்றபடியே வேலை, இரண்டு முறை மயங்கி விழுந்தாள். இரும்புச்சத்து மாத்திரை, பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை என்று சில மாதங்கள் ஓடின. "இரும்பா? அது என் கம்பெனியில மலையாட்டம் குவிஞ்சிருக்குது, கொண்டாந்து கொட்டட்டா?" என்று மாமா கேலி செய்தார். அக்கா சிரித்தாள். பிறகு நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எலும்புக்குள்ளிருந்து எடுத்துப் பரிசோதித்தார்கள். இரும்பு குறைந்த சோகை அல்ல, எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவதே நின்றுகொண்டிருக்கிறது என்றார்கள். அதற்குப் பிறகு மாமா கேலி செய்யவில்லை. ஆனால் டாக்டர் இவ்வளவு விளக்கிச் சொல்லியும் அவர் மனதில் சோகை என்ற ஒரு சொல் மட்டும்தான் தங்கியது. வெளுத்துப் போவதுதான் நோய், நிறம் திரும்பினால் பிழைத்துக்கொள்வாள் என்பதுதான் அவர் கணக்கு. தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து, அறைக் கதவில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியாக அவள் முகத்தைப் பார்ப்பார். "இன்னைக்குக் கொஞ்சம் நிறம் வந்திருக்குது, இல்லம்மா?" என்று என்னிடம் கேட்பார். ரத்தம் ஏற்றிய மறுநாள் உண்மையாகவே கொஞ்சம் வந்திருக்கும். மற்ற நாட்களில் நான் பொய் சொன்னேன்.

அவளைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். கிருமி பட்டால் தாங்க மாட்டாள் என்று பூ, பழம், மண் ஒட்டிய எதையும் உள்ளே விடவில்லை. கூட இருக்க ஓர் ஆளுக்கு மட்டும்தான் அனுமதி, பள்ளிக்கூடத்தில் லீவு போட்டுவிட்டு நான் இருந்தேன். மூன்று வாரம் வீட்டில் யாரும் செடிக்குத் தண்ணீர் விடவில்லை. கோடை அது. நினைவு வந்து அக்கா கேட்டபோது மாமா போனில் படம் எடுத்து அனுப்பினார். இலைகள் தொங்கிப் போய், வெள்ளை விளிம்பெல்லாம் பழுப்பாகக் கருகி, பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அடியில் இரண்டு முழுப் பச்சைத் துளிர்கள் மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் நிமிர்ந்து நின்றன. "தண்ணி ஊத்துங்க, சரியாயிடும்" என்றாள் அக்கா. அதற்கு மேல் பேச அன்று அவளால் முடியவில்லை. மாமா எனக்குத் தனியாகப் போன் செய்தார். "நீ ஒண்ணும் கவலைப்படாதன்னு அவகிட்ட சொல்லும்மா. அந்தச் செடியை நான் காப்பாத்திக் காட்டுறேன்" என்றார். அந்தக் குரலில் இருந்த பிடிவாதம் எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

காப்பாற்றினார், அவருக்குத் தெரிந்த வழியில். ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு பை நிறைய இரும்புச் சீவல் கொண்டுவந்தார். லேத்தில் சுருள் சுருளாக விழுமே, அது. ஆயில் பிசுக்குப் போகச் சோப்புத் தண்ணீரில் மூன்று முறை கழுவி, வெயிலில் காயவைத்து, செடியைச் சுற்றிக் குழி பறித்துப் போட்டு மூடினார். சோகைக்கு இரும்பு. கைகளில் கீறாத விரல் இல்லை. பிறகு வெளுத்த கிளைகளை ஒவ்வொன்றாக வெட்டினார். இரண்டு பச்சைத் துளிர்களுக்கும் குச்சி நட்டுக் கட்டினார். இதையெல்லாம் அவர் யாரிடமும் சொல்லவில்லை, முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று வைத்திருந்தார். மாற்றுத் துணி எடுக்க ஒருநாள், மாமா வேலைக்குப் போயிருந்த நேரத்தில், நான் வீட்டுக்குப் போனபோது கேட்டருகில் வெள்ளை விளிம்புக் கிளைகள் குவிந்து கிடந்தன. சில அன்று காலையில் வெட்டியவை, முனையில் பால் இன்னும் ஈரமாக இருந்தது. நான் தலையில் கை வைத்தபடி நின்றேன். அந்தக் குவியலில் இருந்து ஒரு குச்சியை எடுத்து ஒரு டப்பாவில் செருகியிருந்தால் போதும், நந்தியாவட்டை எங்கே செருகினாலும் பிடித்துக்கொள்ளும். எனக்குத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் துணிப் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஒன்றரை மாதம் கழித்து அடுத்த படம் வந்தது. கரும்பச்சையில் பளபளவென்று ஒரு புதர். உச்சியில் வெள்ளைப் பூக்கள் கொத்தாக. ஊரில் எந்தக் கோயிலுக்குப் போனாலும் பார்க்கிற சாதாரண நந்தியாவட்டை. போனை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து அக்கா கையில் கொடுத்தேன். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, மேலிருந்து கீழே, இடமிருந்து வலம், அவள் சட்டையைப் பார்க்கிற மாதிரியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஓர் இலையிலாவது வெள்ளை இருக்கிறதா என்று தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. அடி வரைக்கும் வந்து, மறுபடியும் மேலே போய், மறுபடியும் அடிக்கு வந்தாள். பிறகு "அவருக்குப் போன் போடு" என்றாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் நல்லதுதான், அவளுக்குத் தெம்பு வந்திருக்கிறது என்று அர்த்தம். "நல்லா இருக்குதுங்க" என்றாள் அக்கா. "ரொம்ப நல்லா இருக்குது. என்னை விட நல்லா வளத்திருக்கிறீங்க." அந்தப் பக்கம் மாமா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "இரும்பு போட்டேம்மா" என்றார். "உனக்கும் சரியாயிடும் பாரு."

போனை வைத்ததும் நான் வாயைத் திறந்தேன். "நீ மட்டும் சொன்னே, நாக்கை அறுத்துடுவேன்" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "வெள்ளையா எதைப் பாத்தாலும் அவருக்கு இப்போ பயம்டி. தெனமும் என் மூஞ்சியைப் பாத்துனு போறாரு இல்ல" என்றாள். செடிக்காக அவள் அழவில்லை. அந்த மனிதர் என்ன பாடு படுகிறார் என்பது அவளுக்கு அந்தப் படத்தில் தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் அவளுக்கு ஜுரம் வந்தது. ஜுரம் வந்த மூன்றாம் நாள் போய்விட்டாள். போகும்போது அவளுக்கு நாற்பத்து நான்கு வயது.

காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்களை மாமா ஒவ்வொருவராகக் கேட்டுக்குக் கூட்டிப் போய்ச் செடியைக் காட்டினார். "கடைசியா அவ நல்லா இருக்குதுன்னு சொன்னது இதைத்தான். என் வேலையில அவ நல்லா இருக்குதுன்னு சொன்னதே இது ஒண்ணுதான்." எங்கள் பெரியம்மா ஒருத்தி, "இது வெள்ளை வெள்ளையா இருந்த செடியில்ல?" என்று கேட்டாள். "அப்போ சோகை. நான் தேத்திட்டேன்" என்றார் மாமா. அதிலிருந்து மூன்று வருடம் அந்த வாக்கியத்தைக் கேட்காத ஆள் அந்தத் தெருவில் கிடையாது. பால்காரர், கரண்ட் ரீடிங் எடுக்கிறவர், ஒர்க்‌ஷாப் நண்பர்கள், வழி கேட்டு நின்ற கூரியர் ஆள். கல்யாணமாகி எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் போய்விட்ட நான் ஞாயிறுதோறும் அவரைப் பார்க்க வருவேன், எனக்கே ஐம்பது முறையாவது சொல்லியிருப்பார். அவர் ஆரம்பித்தாலே நான் உள்ளே போய் விளக்குமாற்றைத் தேடுவேன். எரிச்சல் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஒன்று தெரியும், தனியாக இருக்கிற அந்த மனிதர் காலையில் எழுந்து பல் தேய்த்துச் சட்டை போட்டு வேலைக்குப் போவது அந்த ஒரு வார்த்தையின் பலத்தில்தான். அதை யாரும் தட்டிவிடக் கூடாது என்று நான் காவல் இருந்தேன்.

இந்த வருடத் திதி நெருங்கும்போது கேட்டின் மறுபக்கத்திலும் ஒன்று வைக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். "ஜோடியா இருக்கட்டும்மா." கிளையை ஒடித்து நட்டாலே வருமே மாமா என்றேன். "அவ வாங்கின எடத்துல வாங்கணும்." எவ்வளவோ தட்டிக் கழித்தேன். அந்த நர்சரி மூடியிருக்கும் என்றேன், மழை வரும் என்றேன். ஒரு சனிக்கிழமை அவரே வண்டியை எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். போகாமல் இருந்தால் தனியாகப் போய்விடுவார் என்று நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

பழைய நர்சரிக்காரர் இல்லை. அவர் மருமகள் இருந்தாள், தமிழும் கன்னடமும் கலந்து கலகலவென்று பேசுகிற பெண். மாமா போனில் படத்தைக் காட்டி இதே செடி வேண்டும், இங்கே வாங்கியதுதான் என்றார். "இது பிளைன் நந்தி சார். பிளைன் நாம எந்த வருஷமும் வெச்சதில்ல. வேரிகேட்டட்தான் நம்மகிட்ட" என்று பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே கூட்டிப்போனாள். நாற்பது ஐம்பது பைகளில் வரிசையாக அந்தச் செடி. எல்லாவற்றிலும் அதே பாலாடை விளிம்பு. மாமா நின்றுவிட்டார். "இது சோகை இல்லியா?" என்று கேட்டார். அந்தப் பெண் சிரித்தாள். "ஐயோ சார், இதுதான் இதோட கலர். பச்சைக் கொம்பு பந்த்ரே கட் மாட்பேகு, வெட்டிடணும். விட்டா பச்சை வந்து வெள்ளையைத் தின்னுடும். நீங்க வெள்ளையை வெட்டிட்டீங்களா? நெறைய பேரு அதேதான் செய்றாங்க, உல்ட்டா." அவள் மேல் தப்பில்லை. தினம் நாலு பேரிடம் சொல்கிற விஷயம்.

மாமா ஒரு பையின் முன்னால் குந்தி உட்கார்ந்து ஓர் இலையைப் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பின்புறத்தையும் பார்த்தார். நிமிராமலே கேட்டார்.

"அவளுக்கு இது தெரியுமாம்மா?"

"தெரியாது மாமா. அக்காவுக்கு செடியைப் பத்தி என்ன தெரியும்? அழகா இருக்குதுன்னு வாங்கினா."

"ஞாயித்துக்கிழமையானா கத்திரியோட உக்காந்து பச்சையை வெட்டிட்டிருந்தாளே."

நான் கையிலிருந்த ஹெல்மெட்டின் பட்டையை மாட்டிக் கழற்றினேன்.

"பத்தடியில இருந்து ஒரு நூல் பிரிஞ்சிருக்குதுன்னு சொல்றவ" என்றார். "படத்தைப் பாத்துட்டு நல்லா இருக்குதுன்னு சொன்னாளே. எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும். ஏதாச்சும் ஒண்ணு திட்டியிருக்கணுமே அவ. ஒரு கிளை கோணல்னாவது சொல்லியிருக்கணுமே."

அங்கேயே பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா தேடியது, என் நாக்கை அறுப்பேன் என்றது, வெள்ளையைப் பார்த்தாலே அவருக்குப் பயம் என்றது. உங்களுக்காகத்தானே மாமா அப்படிச் சொன்னாள், பாராட்டுவதைவிட அது பெரிசில்லையா என்று ஒரு டீச்சரின் குரலில் வாதாடினேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "பெரிசுதாம்மா" என்றார். கடைசியில் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, "நீயாவது துணி எடுக்க வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாம். கீழ ரெண்டு மூணு வெள்ளைக் கொம்பு அப்பவும் இருந்துச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். எந்தச் செடியும் வாங்காமல் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கரண்டியை எடுத்துக்கொண்டு செடியின் அடியில் உட்கார்ந்து, அன்று போட்ட இரும்புச் சீவலைத் தோண்டித் தோண்டி எடுத்தார். பாதி துருவாகி மண்ணோடு போயிருந்தது. மிச்சம் கையைக் கிழித்தது. வேண்டாம் மாமா, செடி அதெல்லாம் தாங்கிக்கொண்டுதானே வளர்ந்திருக்கிறது என்றேன். கேட்கவில்லை. நானும் உட்கார்ந்து எடுத்தேன்.

செடியை அவர் ஒன்றும் செய்யவில்லை. முன்போலவே தண்ணீர் விடுகிறார். அது முன்போலவே பச்சையாகத் தழைத்துப் பூக்கிறது. ஆனால் அந்த வாக்கியம் நின்றுவிட்டது. மாடியில் புதிதாகக் குடிவந்திருக்கும் ஒடிசாப் பெண் ஒருநாள் பூப் பறித்துக்கொண்டே, செடி எவ்வளவு நன்றாக இருக்கிறது அங்கிள் என்று ஹிந்தியில் சொன்னாள். நான் அவர் வாயையே பார்த்தேன். மாமா "ஹாங்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பைப்பை அடைத்தார். அவர் வாயைத் திறந்தால் உள்ளே ஓடிப்போகிறவள் நான். இப்போது ஞாயிறுகளில் கேட்டருகிலேயே வேண்டுமென்று நேரம் போக்குகிறேன், பூவைத் தொடுகிறேன், இலையைத் துடைக்கிறேன். ஒரு முறை, ஒரே ஒரு முறை அவர் அதைச் சொல்லிவிட மாட்டாரா என்று இருக்கிறது. அக்கா போனதற்கு அழுத அழுகையில் ஒரு மிச்சம் இருந்திருக்கிறது போல. அது இப்போதுதான் வருகிறது, இந்த வாக்கியத்துக்காக.

போன ஞாயிறு டீ போட்டுக் கொண்டுவந்தார். இஞ்சி தட்டிப் போட்ட டீ. படியில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்துவிட்டு "நல்லா இருக்குது மாமா" என்றேன். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நல்லா இருக்குது என்று யாராவது சொன்னால் அதற்குப் பின்னால் என்ன மறைக்கிறார்கள் என்று தேடுகிற மனிதராக அவர் ஆகிவிட்டார். அப்படி ஆக்கியது அக்காவும் நானும்தான்.

"சர்க்கரை ஜாஸ்தி" என்றேன். "இஞ்சியும் சரியா நசுக்கல. இது டீயா மாமா, பாயசமா?"

சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. மாமாவின் முகம் இளகியது. நர்சரிக்குப் போய் வந்த பிறகு, மூன்று மாதத்தில் முதல் முறையாக அவர் பல் தெரிந்தது. "எனக்கே தெரியும், கை தவறிடுச்சு" என்று என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு, வேறு டீ போட உள்ளே போனார்.